வலது நுரையீரல் முழு நீக்கத்துக்குப் பின் கிளைக்குழாய் முனையில் ஏற்பட்ட கசிவு: இரண்டு பிராங்கோஸ்கோபிகளுக்கு இடைப்பட்ட இரண்டு இரவுகள்

நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வாரங்களில் நோயாளிக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வருவதற்குக் காரணங்கள் பல. சளித்தேக்கம், நிமோனியா, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி, இதயத்துடிப்புக் கோளாறு என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் அரிதாக இடம்பெறுவதும், வந்துவிட்டால் மற்றவற்றுக்குக் கிடைக்கும் அவகாசத்தைத் தராததும், மூச்சுக்கிளைக்குழாயை வெட்டித் தைத்து மூடிய முனை விட்டுப்போவதுதான். அறுவை மருத்துவர்கள் ஸ்டம்ப் என்று சொல்லும் அந்த முனையில் ஓட்டை விழுந்தால், நுரையீரல் இருந்த வெற்றிடத்தில் தேங்கிய திரவம் மூச்சுப்பாதைக்குள் இறங்கி, எஞ்சியிருக்கும் ஒரே நுரையீரலை மூழ்கடிக்கும். மூச்சுப்பாதையில் உள்ள கிருமிகள் எதிர்த்திசையில் சென்று அந்த வெற்றிடத்தைச் சீழ்க்கூடாக மாற்றும்.

இந்தச் சிக்கலை நேரில் பார்க்கக்கூடிய கருவி, மூச்சுப்பாதைக்குள் செலுத்தும் கேமராக் குழாயான பிராங்கோஸ்கோப் ஒன்றுதான். ஆனால் அதைக் கையில் எடுப்பவர் எந்தக் கேள்வியோடு உள்ளே போகிறார் என்பதைப் பொறுத்தே அது தரும் விடையின் மதிப்பு அமைகிறது. ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்து, இல்லை என்றால் ‘இயல்பு’ என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஓட்டை விழுவதற்கு முன் அந்தச் சுவர் சில நாட்களாக இரத்த ஓட்டம் இன்றிச் செத்துக்கொண்டிருக்கும் என்பதையும், அதன் நிறம் அதைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் இந்த நிகழ்வு விளக்குகிறது. இது கற்பித்தலுக்காக, இவ்வகை நோயாளிகளிடம் வழக்கமாகக் காணப்படும் போக்கை ஒட்டி அமைக்கப்பட்ட நிகழ்வு. தனி ஒருவருடைய மருத்துவப் பதிவு அன்று.

நோயாளியும் அறுவை சிகிச்சையும்

நோயாளி 61 வயது ஆண். நீண்ட காலம் புகைபிடித்தவர். அறுவை சிகிச்சைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நிறுத்தினார். இரண்டாம் வகை நீரிழிவு 12 ஆண்டுகளாக உள்ளது, கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 சதவீதம். வலது நுரையீரலின் வேர்ப்பகுதியில் செதிட்செல் புற்றுநோய். கட்டி மேல்மடல் கிளைக்குழாயின் வாயையும் இடைக் கிளைக்குழாயையும் சேர்த்துப் பிடித்திருந்ததால், மடலை மட்டும் நீக்கிக் குழாயை மறுபடி இணைக்கும் அறுவைக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. முதலில் மூன்று சுற்று வேதிசிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு வினாடியில் வெளிவிடும் மூச்சின் அளவு எதிர்பார்க்கப்படும் மதிப்பில் 71 சதவீதம். இரத்த ஓட்ட ஸ்கேனில் வலது நுரையீரலின் பங்கு 38 சதவீதம். ஆகவே அதை முழுவதும் எடுத்த பிறகு ஏறத்தாழ 44 சதவீதம் மிஞ்சும் என்று கணக்கிடப்பட்டது. ஊட்ட நிலையைக் கணிக்க உதவும் புரதமான ஆல்புமின், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.1 கிராம் என்பது பெருமைப்படும்படியான எண் இல்லை.

வலது நுரையீரல் முழுவதும் நீக்கப்பட்டது. மார்பிடைப் பகுதியின் நிணநீர்க் கணுக்கள், குறிப்பாக மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவைக்குக் கீழே உள்ளவை, முழுமையாக அகற்றப்பட்டன. கிளைக்குழாய் ஸ்டேப்ளரால் மூடப்பட்டு, மார்புக்குழியில் உப்புநீர் நிரப்பி, 25 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் காற்றைச் செலுத்திச் சோதித்தபோது குமிழ் எதுவும் வரவில்லை. இதய உறையை ஒட்டிய கொழுப்புத் திசுவைத் திருப்பி ஸ்டம்பின் மேல் போர்த்தினார்கள். நோயாளி அறுவை மேசையிலேயே செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். மார்புக் குழாய் மறுநாள் எடுக்கப்பட்டது.

முதல் ஐந்து நாட்கள் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. வலி கட்டுக்குள் இருந்தது. மூன்றாம் நாள் நடந்தார். தினசரி எக்ஸ்ரேயில், காலியான வலது மார்புக்குழியில் திரவத்தின் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. முழு நுரையீரல் நீக்கத்துக்குப் பிறகு இதுதான் இயல்பு: அந்த இடத்தில் இருக்கும் காற்று மெல்ல உறிஞ்சப்பட்டு, திரவம் நிறைந்து, மார்பிடைப் பகுதி சற்றே அந்தப் பக்கம் சாயும், முழுவதும் நிறைய வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

ஆறாம் நாள் மட்டம் ஏறவில்லை. ஏழாம் நாளும் அதே விலா எலும்பின் உயரத்தில் நின்றது. பாடநூல்கள் எச்சரிக்கும் ‘மட்டம் கீழிறங்குதல்’ இன்னும் வரவில்லை என்பதால் எக்ஸ்ரே அறிக்கையில் ‘மாற்றம் இல்லை’ என்றே இருந்தது. ஏற வேண்டிய ஒன்று ஏறாமல் நிற்பதும் மாற்றம்தான். ஒவ்வொரு படத்தையும் முந்தைய நாள் படத்தோடு மட்டும் ஒப்பிடாமல், முதல் நாளிலிருந்து வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். அன்று உடல் வெப்பம் 38.1 டிகிரி செல்சியஸ், வெள்ளணுக்கள் 14,200. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் இறங்க வேண்டிய கட்டத்தில் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. சளி தண்ணீர் போல் மெலிந்து, லேசான இளஞ்சிவப்பாக இருந்தது.

இவை எல்லாவற்றையும் விடக் குழுவின் கவனத்தைத் திருப்பியது இரவுப்பணிச் செவிலியரின் ஒரு குறிப்பு. நோயாளியை இடப்பக்கம் திருப்பினால் விடாமல் இருமுகிறார், வலப்பக்கம் திருப்பினால் நின்றுவிடுகிறது என்று அவர் எழுதியிருந்தார். இடப்பக்கம் படுக்கும்போது காலியான வலது மார்புக்குழி மேலே வரும். அதில் உள்ள திரவம் ஸ்டம்பின் மேல் வந்து நிற்கும். முனையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் திரவம் கீழே கசிந்து இருமலைத் தூண்டும். எந்த ஸ்கேனும் இதைவிடத் தெளிவாக இடத்தைச் சுட்டிக்காட்டியிருக்காது.

ஏழாம் நாள்: முதல் பிராங்கோஸ்கோபி

அன்று மாலையே வளையும் பிராங்கோஸ்கோப்பால் பரிசோதனை செய்யப்பட்டது. நோயாளி விழித்த நிலையில், மிகக் குறைந்த மயக்க மருந்துடன், முதுகை நன்றாக உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கிலும் குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் தெளிக்கப்பட்டது. ஒரே நுரையீரலோடு இருப்பவருக்கு ஆழ்ந்த மயக்கம் தருவதில் உள்ள ஆபத்து ஒருபுறம் இருக்க, இந்தப் பரிசோதனைக்கு நோயாளியின் இருமல் தேவைப்படுகிறது என்பது இன்னொரு காரணம். இருமலை முற்றிலும் அடக்கிவிட்டால் சின்னக் கசிவைக் காட்டும் வாய்ப்பும் போய்விடும்.

உள்ளே போவதற்கு முன் கேமராவின் வெண்சமநிலை சரிசெய்யப்பட்டது. இதை ஒரு சடங்கு போல் தாண்டிச் செல்பவர்கள் உண்டு. ஆனால் தேடுவது நிறம் என்னும்போது, கருவி வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிறதா என்று முதலில் உறுதிசெய்யாவிட்டால், வெளிறிய சவ்வு இளஞ்சிவப்பாகவும், இளஞ்சிவப்பு சிவப்பாகவும் தெரிந்து ஏமாற்றும். அடுத்த பரிசோதனையில் எடுக்கும் படத்தோடு ஒப்பிடவும் முடியாது.

மூச்சுக்குழாய் சற்றே வலப்பக்கம் இழுபட்டிருந்தது. கவையைத் தாண்டியதும் வலதுபுறம் ஒரு குட்டைக் குழி போல் ஸ்டம்ப் தெரிந்தது. அதன் அடியில் மெலிந்த சுரப்பு தேங்கியிருந்தது. இந்த இடத்தில் கை தானாக உறிஞ்சும் பொத்தானைத் தேடிப் போகும். அதைத் தடுத்துக்கொள்வது பயிற்சியால் வர வேண்டிய ஒன்று. தேங்கிய சுரப்பே இலவசமாகக் கிடைத்த குமிழ்ச் சோதனை: நோயாளியை மெல்ல இருமச் சொல்லி, அந்தக் குட்டையில் குமிழ் எழுகிறதா, எந்த மூலையிலிருந்து எழுகிறது என்று சில மூச்சுகள் பார்த்திருந்துவிட்டு, அதன் பிறகே உறிஞ்ச வேண்டும். முதலிலேயே உறிஞ்சினால் சாட்சி அழிவதோடு, உறிஞ்சலின் அழுத்தத்தில் சவ்வு சிவந்து, வெளிறியிருந்ததா சிவந்திருந்ததா என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போகும்.

குமிழ் வரவில்லை. சுரப்பை நீக்கிய பின் ஸ்டேப்ளர் பதித்த உலோகத் தையல் வரிசை முழுமையாக இருப்பது தெரிந்தது. உப்புநீரைச் சிறிதளவு விட்டுப் பார்த்தபோதும் அது மட்டம் குறையாமல் நின்றது. ஓட்டை உண்டா என்ற கேள்வியோடு மட்டும் போயிருந்தால் பரிசோதனை இங்கே முடிந்திருக்கும்.

ஆனால் தையல் வரிசையின் கீழ்மூலையில், குருத்தெலும்பு வளையம் முடிந்து மெல்லிய பின்சுவர் தொடங்கும் இடத்தில், சவ்வு சாம்பல் நிறமாக இருந்தது. மற்ற இடங்களில் தெரிந்த நுண்ணிய இரத்த நாளக் கோலம் அங்கே இல்லை. அதன் மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. உப்புநீர் பட்டும் கழுவிப் போகவில்லை. அந்தப் பகுதி சுற்றளவில் ஏறத்தாழ கால் பங்கு. ஸ்டம்பின் நீளம் கவையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம் என்று மதிப்பிடப்பட்டது. படலத்தை இடுக்கியால் உரித்துப் பார்க்கவில்லை. அடியில் இருப்பது செத்த திசு என்றால், அதை மூடி வைத்திருப்பது அந்தப் படலம் மட்டுமாகவும் இருக்கலாம். இடது கிளைக்குழாய்கள் தெளிவாக இருந்தன. வளர்சோதனைக்காகச் சுரப்பு எடுக்கப்பட்டது.

அறிக்கை இவ்வாறு எழுதப்பட்டது: ‘தையல் வரிசை முழுமையாக உள்ளது, கண்ணுக்குத் தெரியும் துளை இல்லை. கீழ்மூலையில் சுற்றளவில் கால் பங்குக்கு இரத்த ஓட்டக் குறைவும் மேற்பரப்புத் திசுச்சிதைவும் உள்ளன. கசிவு இல்லை என்று இந்தப் பரிசோதனையால் உறுதி கூற இயலாது. 48 மணி நேரத்தில் மறுபரிசோதனை தேவை; அதற்கு முன் அறிகுறி மாறினால் உடனடியாக.’ இதில் கடைசி இரண்டு வாக்கியங்களே சிகிச்சையின் போக்கை மாற்றின.

அன்றிரவு எடுத்த சி.டி. ஸ்கேனில் ஸ்டம்பை ஒட்டிச் சில காற்றுக்குமிழ்கள் தெரிந்தன. அறுவை முடிந்து ஒரு வாரமே ஆன மார்புக்குழியில் காற்று இருப்பது இயல்பே என்பதால் அதை வைத்து மட்டும் எதையும் முடிவுசெய்ய முடியவில்லை. ஸ்கேன் வெளியே சேர்ந்திருப்பதைக் காட்டும். சுவரின் உட்புறம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டாது.

உடனே மறு அறுவை செய்வதா, காத்திருப்பதா என்பது விவாதிக்கப்பட்டது. கசிவு உறுதிப்படாத நிலையில், மேற்பரப்போடு நின்றுவிடும் திசுச்சிதைவு தானாகவே ஆறும் வாய்ப்பும் இருப்பதால், காத்திருப்பது என்று முடிவாயிற்று; ஆனால் அது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதாக இருக்கவில்லை. நோயாளி எப்போதும் தலையை உயர்த்தி, வலப்பக்கம் கீழாகவே படுக்க வேண்டும் என்று கட்டிலின் தலைமாட்டில் எழுதி வைக்கப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கப்பட்டது, சர்க்கரை அளவு இன்சுலின் செலுத்துமானியால் கட்டுப்படுத்தப்பட்டது. அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் முகமூடிச் சுவாசம் கூடாது என்று பணிமுறை மாறும் ஒவ்வொரு குழுவுக்கும் தெரிவிக்கப்பட்டது, ஏனெனில் மூச்சுத்திணறல் வந்தால் பொதுப்பிரிவில் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். மார்புக் குழாய் செருகும் தட்டு அறையிலேயே தயாராக இருந்தது.

ஒன்பதாம் நாள்

மறுபரிசோதனைக்குக் குறித்திருந்த நாளின் விடியற்காலையில் நோயாளி கழிவறைக்குச் செல்ல எழுந்தபோது இருமல் வந்து, இரத்தம் கலந்த திரவம் 200 மில்லிலிட்டர் அளவுக்கு வாய்வழியே வந்தது. ஆக்சிஜன் செறிவு 86 சதவீதத்துக்கு இறங்கியது. காரணம் என்னவென்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அவரை உடனே வலப்பக்கம் சாய்த்து, முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து, அடுத்த சில நிமிடங்களில் மார்புக் குழாய் செருகப்பட்டது. முழு நுரையீரல் நீக்கத்துக்குப் பிறகு உதரவிதானம் மேலே ஏறிவிடும் என்பதால், பழைய அறுவைத் தழும்புக்கு மேலாகவே குழாய் வைக்கப்பட்டது. அது, காற்றை வெளியே விட்டு உள்ளே திரும்ப விடாத நீரடைப்புப் புட்டியோடு இணைக்கப்பட்டது. உறிஞ்சும் அழுத்தம் கொடுக்கப்படவில்லை, ஏனெனில் காலியான மார்புக்குழியில் உறிஞ்சினால் இதயத்தோடு மார்பிடைப் பகுதியே அந்தப் பக்கம் இழுபட்டு இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். இருமும்போதெல்லாம் புட்டியில் குமிழ் கொப்பளித்தது. எக்ஸ்ரேயில் திரவ மட்டம் முந்தைய நாளைவிட ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

இரண்டாவது பிராங்கோஸ்கோபி ஒரு மணி நேரத்துக்குள் நடந்தது. முதல் பரிசோதனையில் சாம்பல் நிறமாக இருந்த அதே மூலையில் படலம் கிழிந்து, மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள துளை தெரிந்தது, விளிம்பு கறுத்திருந்தது. ஒரு ஸ்டேப்ளர் கம்பி ஒரு பக்கம் கழன்று நின்றது. உப்புநீர் விட்டதும் அது துளைக்குள் இறங்கி மறைந்தது. அடுத்த மூச்சில் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. துளை கண்ணுக்குத் தெரியாமலும் குழாயில் காற்று தொடர்ந்து வந்துகொண்டும் இருந்தால் மெத்திலீன் நீலச் சாயத்தை ஸ்டம்பில் விட்டு அது மார்புக் குழாயில் வருகிறதா என்று பார்க்கலாம். இங்கே அது தேவைப்படவில்லை. அதே பரிசோதனையில் இடது நுரையீரலுக்குள் இறங்கியிருந்த திரவம் ஒவ்வொரு மடலாக உறிஞ்சி எடுக்கப்பட்டது. சொல்லப்போனால் அன்று நோயாளியின் உயிரைக் காத்ததில் நோயறிதலைவிட இந்தச் சுத்தப்படுத்தலுக்கும், முதல் நிமிடங்களில் அவரைச் சாய்த்துப் படுக்க வைத்த கைகளுக்கும் பங்கு அதிகம்.

சிறிய துளைகளை பிராங்கோஸ்கோப் வழியாகவே அடைக்க முடியும். ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) பசை, சயனோஅக்ரிலேட் பசை, சில்வர் நைட்ரேட் தடவி விளிம்பைப் புண்ணாக்கி ஆறவிடுதல், ஒருவழி வால்வுகள், இதயத்தின் இடைச்சுவர்த் துளைகளை அடைக்க உருவான இருதட்டு அடைப்பான்கள் எனப் பலவும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றின் வெற்றி துளையின் அளவைப் பொறுத்தது. ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் நம்பிக்கையோடு முயலலாம், எட்டைத் தாண்டினால் பொதுவாக அறுவைதான். இந்தத் துளை அளவால் சிறியது. ஆனால் அளவு மட்டும் முடிவைத் தருவதில்லை. விளிம்பு செத்த திசுவாக இருக்கும்போது பசை எதன் மேல் ஒட்டும்? முதல் இரண்டு வாரங்களுக்குள் தோன்றிய கசிவு, மறு அறுவையைத் தாங்கும் உடல்நிலை, நீண்ட ஸ்டம்ப் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அறுவையே தேர்ந்தெடுக்கப்பட்டது.

பத்தாம் நாள் மறு அறுவை நடந்தது. மயக்க மருந்து கொடுக்கும் கட்டத்தில் பிராங்கோஸ்கோப் மறுபடி உதவியது: இரட்டைப் பாதைச் சுவாசக் குழாயின் இடது முனையைக் கண்ணால் பார்த்து இடது கிளைக்குழாயில் அமர்த்திய பிறகே அழுத்தச் சுவாசம் தொடங்கப்பட்டது. கண்மூடித்தனமாகச் செருகியிருந்தால் குழாயின் நுனி ஸ்டம்பிலேயே போய் முட்டியிருக்கலாம். செத்த விளிம்பு வெட்டி எடுக்கப்பட்டு, ஸ்டம்ப் கவைக்கு அருகே குறுக்கப்பட்டு, கையால் தைக்கப்பட்டது. விலா இடைத் தசையை அதன் இரத்த நாளத்தோடு உயர்த்தி மேலே பொருத்தித் தைத்தார்கள். மார்புக்குழி பலமுறை கழுவப்பட்டது. திரவத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது, ஆனால் கெட்டியான சீழ் இன்னும் சேரவில்லை. வெட்டி எடுத்த வளையத்தின் திசு ஆய்வில் குருத்தெலும்பு வரை திசுச்சிதைவு இருந்தது, புற்றுச்செல்கள் இல்லை. விளிம்பில் எஞ்சிய புற்றுநோயும் ஸ்டம்ப் விட்டுப்போகக் காரணமாகலாம் என்பதால் அந்த விடை அவசியமாயிருந்தது.

விவாதம்

கிளைக்குழாயின் சுவருக்கு இரத்தம் கொண்டுவருபவை பெருந்தமனியிலிருந்தும் விலா இடைத் தமனியிலிருந்தும் பிரியும் மெல்லிய கிளைக்குழாய்த் தமனிகள். அவை கவைக்குக் கீழே உள்ள கணுக்களின் ஊடாகத்தான் வருகின்றன. புற்றுநோய்க்காக அந்தக் கணுக்களை ஒன்று விடாமல் எடுக்கும்போது தமனிகளும் சேர்ந்தே போகும் வாய்ப்பு உண்டு. எனவே ஸ்டம்ப் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அதன் நுனி பட்டினி கிடக்கும். அதோடு நீண்ட குழியில் சுரப்பு தேங்கிக் கிருமிகளும் சேரும். இடப்பக்கத்தில் ஸ்டம்ப் பெருந்தமனி வளைவுக்குக் கீழே பின்வாங்கி, சுற்றியுள்ள திசுக்களால் இயற்கையாகவே மூடப்படும். வலப்பக்கத்தில் அப்படிப் போர்த்துவதற்கு எதுவும் இல்லை. அது காலியான குழிக்குள் திறந்தபடி நிற்கும். வலது முழு நீக்கம் இந்தச் சிக்கலுக்கு அதிகம் அஞ்சப்படுவது இதனால்தான். நீரிழிவு, ஊட்டக்குறைவு, முன்பே பெற்ற கதிர்வீச்சு அல்லது வேதிசிகிச்சை, ஸ்டீராய்டு, நீண்ட செயற்கைச் சுவாசம் ஆகியவை இதன் மேல் சுமையைக் கூட்டுகின்றன.

ஒரே அமர்வில் ஒரு நுரையீரல் முழுவதையும் நீக்கும் அறுவை 1933இல் எவர்ட்ஸ் கிரஹாமின் கையில் வெற்றி பெற்றதிலிருந்து, ஸ்டம்பை எப்படி மூடுவது என்ற கேள்வி அறுவை மருத்துவர்களை விடவில்லை. நிறத்தைப் பார்க்கும் பழக்கத்தை முறைப்படுத்தியவர்கள் நுரையீரல் மாற்று அறுவை செய்பவர்கள். 1963இல் ஜேம்ஸ் ஹார்டி முதல் மாற்று அறுவையைச் செய்தார். அதற்குப் பிந்தைய இருபது ஆண்டு முயற்சிகளில் பல தோற்றதற்கு, இணைத்த கிளைக்குழாய் ஆறாமல் பிரிந்ததே பெரிய காரணம். 1983இல் டொரொன்டோவில் கிடைத்த வெற்றியில், இணைப்பைச் சுற்றி வயிற்றுக்குள்ளிருந்து கொழுப்புமடிப்பைக் கொண்டுவந்து போர்த்தி இரத்த ஓட்டம் தந்ததற்கும் பங்கு உண்டு. இதய, நுரையீரல் மாற்று அறுவைக்கான சர்வதேசச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாடு, இரத்த ஓட்டக் குறைவையும் திசுச்சிதைவையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது. இணைப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்கிறதா, தாண்டிவிட்டதா, சுற்றளவில் பாதிக்குக் குறைவா, கூடவா என்றும் பதிவுசெய்யச் சொல்கிறது. ஸ்டம்புக்கென்று எழுதப்பட்டதன்று அது. இருந்தாலும் அந்த மொழியைக் கடன் வாங்கி எழுதிய அறிக்கை, ‘ஸ்டம்ப் ஆரோக்கியமாக உள்ளது’ என்ற ஒற்றை வரியைவிடப் பல மடங்கு பயன் தரும் என்பது என் கருத்து. அடுத்த நாள் இன்னொருவர் அதே இடத்தைப் பார்க்கும்போது, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல அவருக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

எல்லா நோயாளிக்கும் வழக்கமாக பிராங்கோஸ்கோபி செய்ய வேண்டுமா? ஒரு மடல் மட்டும் நீக்கப்பட்டு, அறிகுறி எதுவும் இன்றி நடமாடும் நோயாளிக்கு அது தேவையற்ற தொல்லை என்றே கருதுகிறேன். வலது முழு நீக்கத்தோடு ஆபத்துக் காரணி ஒன்றும் உள்ளவர்களுக்கும், குழாயை வெட்டி மறுபடி இணைத்தவர்களுக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்ப்பது பொருத்தம். இணைப்பு அறுவை பெற்றவரின் சளியில் சிறிதளவு இரத்தம் வந்தாலும் அதைப் புண்ணிலிருந்து வரும் கசிவு என்று தள்ளிவிடக் கூடாது. குழாய்க்கும் அருகிலுள்ள நுரையீரல் தமனிக்கும் இடையே வழி திறக்கும் முன் வரும் முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம். வலது மேல்மடல் நீக்கிய பிறகு நடுமடல் தன் காம்பில் முறுக்கிக்கொள்வதும் பிராங்கோஸ்கோப்பில் தெரியும். அந்த மடலின் கிளைக்குழாய் வாய், மீனின் வாய்போல் ஒடுங்கி, சவ்வு வீங்கியிருக்கும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் மணிக்கணக்கில்தான்.

பரிசோதனைக்கும் அதன் ஆபத்து உண்டு. ஆக்சிஜன் குறையும், லிக்னோகெய்னின் மொத்த அளவு உடல் எடைக்கேற்ற வரம்பைத் தாண்டினால் நஞ்சாகும், கருவியின் உட்பாதை வழியாக ஆக்சிஜனைச் செலுத்தும் பழக்கம், பலவீனமான ஸ்டம்பை ஊதிப் பிளக்கக்கூடும் என்பதால் இங்கே முற்றிலும் விலக்கப்பட வேண்டும். ஆனால் இவற்றுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதைவிட, ஒருமுறை பார்த்து எதுவும் இல்லை என்று கோப்பை மூடுவதே அதிகம் தீங்கு செய்கிறது. மூலை மடிப்புக்குள் மறைந்த துளையும், படலத்தால் தற்காலிகமாக மூடிய துளையும் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் திரவ மட்டமும், படுக்கும் பக்கத்தைப் பொறுத்து மாறும் இருமலும் ஒன்றைச் சொல்ல, பிராங்கோஸ்கோபி வேறொன்றைச் சொன்னால், முந்தைய இரண்டையுமே நம்ப வேண்டும்.

தொடர் கண்காணிப்பு

மறு அறுவை முடிந்த ஏழாம் நாள் மூன்றாவது பிராங்கோஸ்கோபி செய்யப்பட்டது. விளிம்பு வெளிறிய இளஞ்சிவப்பு. தையல் நூல் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் மெல்லிய படலம், சுற்றளவில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. முதல் பரிசோதனையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரு படலங்களும் ஒரே மாதிரி தோன்றினாலும் சுற்றியுள்ள சவ்வில் இம்முறை இரத்த நாளக் கோலம் தெளிவாக இருந்தது. அதனால் படலத்தை ஆறும் புண்ணின் மேல் படிந்த ஃபைப்ரின் என்று எடுத்துக்கொண்டு, மூன்று நாளில் மறுபடி பார்ப்பதற்குப் பதிலாக நான்காம் வாரத்துக்கு ஒத்திவைத்தார்கள். மார்புக்குழித் திரவத்தின் வளர்சோதனைகள் தொடர்ந்து எதிர்மறையாக வந்த பிறகு குழாய் எடுக்கப்பட்டது.

நான்காம் வாரம் ஸ்டம்ப் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தது. நூலைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு சதைமொட்டு. பாதையை அடைக்காத சதைமொட்டைத் தொட வேண்டியதில்லை என்பதால் அது அப்படியே விடப்பட்டது. மூன்றாம் மாதம் அதுவும் தட்டையாகிவிட்டது. குழியின் ஆழம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. எக்ஸ்ரேயில் வலது மார்புக்குழி காற்றின்றித் திரவத்தால் நிறைந்திருந்தது. அதற்கு மேல் நாள் குறித்து பிராங்கோஸ்கோபி செய்யத் திட்டமிடப்படவில்லை. எனினும் இந்தக் கசிவு மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடும். ஆகவே நிறைந்துவிட்ட அந்தக் குழியில் எப்போதாவது மறுபடி ஒரு காற்றுக்குமிழ் எக்ஸ்ரேயில் தென்பட்டால், நோயாளிக்கு அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், அந்த வாரத்துக்குள் ஸ்டம்பைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய கோப்பின் முதல் பக்கத்திலும், அவர் கையில் கொடுத்தனுப்பிய குறிப்பிலும் எழுதப்பட்டது.